ஆண், பெண் வழியறியும் திறனை எதைக் கொண்டு அளப்பது? – ஆய்வு மாணவருக்கு ஓர் ஒப்பீடு

ஆண்களும் பெண்களும் வழி அறிவதிலும் இடங்களை நினைவில் இருத்துவதிலும் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதை ஆராய விரும்பும் உளவியல் மாணவர், பங்கேற்பாளர்களைத் தேடத் தொடங்கும் முன்பே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: எந்தத் தேர்வைக் கொண்டு அளப்பது? இதை நடைமுறை வசதி சார்ந்த சிறிய முடிவாகவே பலரும் எண்ணுகிறார்கள். துறையில் ஏற்கெனவே புழங்கும் தேர்வு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கு ‘இடத்திறன்’ என்று பெயரிட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தத் துறையில் தேர்வு மாறினால் வேறுபாட்டின் அளவு மாறுகிறது. சில வேளைகளில் அதன் திசையே மாறிவிடுகிறது.

இரண்டு பெரிய ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். பிபிசி நிறுவனத்தின் இணையதளம் வழியாக 53 நாடுகளிலிருந்து திரட்டிய மனச்சுழற்சித் தேர்வின் முடிவுகளை லிப்பா, காலேர், பீட்டர்ஸ் ஆகியோர் 2010-இல் வெளியிட்டார்கள். 53 நாடுகளிலும் ஆண்களின் சராசரியே உயர்ந்திருந்தது. பாலினச் சமத்துவமும் பொருளாதார வளர்ச்சியும் மிகுந்த நாடுகளில் இடைவெளி கூடுதலாகவும் இருந்தது. கூத்ரோ, ஸ்பையர்ஸ் குழுவினர் கைபேசி விளையாட்டு ஒன்றின் வழியாக 57 நாடுகளின் தரவை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவோ இதற்கு நேர்மாறானது; சமத்துவம் குறைந்த நாடுகளில்தான் இடைவெளி அகன்றிருந்தது. இரண்டிலும் லட்சக்கணக்கானோர் பங்கேற்றிருப்பதால், ஆட்கள் போதவில்லை என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது. முதல் ஆய்வில் மக்கள் ஒரு முப்பரிமாண உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டாவதில் ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் படகைச் செலுத்தினார்கள். இரண்டையும் ஒரே திறனின் இரு அளவீடுகளாகக் கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது.

தேர்வுகளை ஒப்பிடும் முன் அளவைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டை ஆய்வாளர்கள் திட்டவிலக்கத்தின் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் அளவு) பங்காகச் சொல்வது வழக்கம். வழியறிதல் குறித்த 266 ஆய்வுகளை நசரெத், ஹுவாங், வோயர், நியூகோம்ப் ஆகியோர் 2019-இல் தொகுத்துக் கணித்தபோது, ஆண்கள் பக்கம் சாய்ந்த வேறுபாடு 0.34 முதல் 0.38 திட்டவிலக்கம் வரை இருந்தது. ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குலுக்கலில் தேர்ந்தெடுத்தால் ஆண் உயர்ந்த மதிப்பெண் பெறும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 60, பெண் உயர்ந்த மதிப்பெண் பெறும் வாய்ப்பு 40 என்பதே இதன் பொருள். வேறுபாடு உண்மையானது, அதே வேளையில், ஒருவர் ஆணா பெண்ணா என்பதை மட்டும் அறிந்துகொண்டு அவர் வழி தவறுவாரா மாட்டாரா என்று சொல்ல அது சிறிதும் போதாது. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் இந்த இடைவெளி மிகச் சிறிதாக இருந்தது என்பதும் அதே தொகுப்பின் முடிவு. யாரை ஆராய்வது என்பதைத் தீர்மானிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

முதலில் மனச்சுழற்சித் தேர்வு. கனசதுரங்களை ஒட்டிச் செய்தது போன்ற உருவங்களைச் சுழற்றி ஒப்பிடும் முறையை ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971-இல் அறிமுகப்படுத்தினார்கள். 1978-இல் வாண்டன்பெர்க்கும் கூஸும் அதைத் தாளில் எழுதும் தேர்வாக மாற்றினார்கள். மூல உருவம் ஒன்றும் அதன் அருகே நான்கு உருவங்களும் இருக்கும். நான்கில் எந்த இரண்டு மூல உருவத்தின் சுழற்றிய வடிவங்கள் என்று கண்டறிய வேண்டும். அச்சுச் செலவைத் தவிர வேறு செலவில்லை; ஒரு வகுப்பு முழுவதற்கும் அரை மணி நேரத்துக்குள் தேர்வை நடத்திவிடலாம்; பல நாடுகளின் முடிவுகளோடு ஒப்பிடலாம். ஆண், பெண் வேறுபாடு மிகப் பெரிதாகவும் தவறாமலும் தோன்றுவது இங்கேதான்: வோயர் குழுவினரின் 1995-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது 0.56 திட்டவிலக்கம். சிறிய குழுவைக் கொண்டே ‘முடிவு’ கிடைத்துவிடும் என்பதால் மாணவர்கள் இதை நாடுகிறார்கள் என்று நினைக்கிறேன். தேர்வைத் தேர்ந்தெடுக்க அது தவறான காரணம்.

ஏனெனில் அந்த 0.56-இன் ஒரு பகுதி தேர்வு நடத்தப்படும் முறையிலிருந்து வருகிறது. நேர வரம்பு குறுகக் குறுக இடைவெளி கூடுகிறது என்றும், வரம்பை நீக்கினால் இடைவெளி குறைகிறது, ஆனால் மறைவதில்லை என்றும் வோயர் 2011-இல் காட்டினார். பத்து மணி நேரம் அதிரடி வீடியோ விளையாட்டு விளையாடிய பிறகு பெண்களின் மதிப்பெண் ஆண்களுடையதைவிடக் கூடுதலாக உயர்ந்து இடைவெளி சுருங்கியதை ஃபெங், ஸ்பென்ஸ், பிராட் ஆகியோர் 2007-இல் கண்டார்கள். உட்டல் குழுவினர் 2013-இல் 217 ஆய்வுகளைத் தொகுத்து, இத்தகைய திறன்கள் பயிற்சியால் சராசரியாக 0.47 திட்டவிலக்கம் உயர்கின்றன என்று நிறுவினார்கள். இது வழியறிதலில் காணப்படும் ஆண், பெண் வேறுபாட்டைவிடப் பெரிய எண்.

சமூக அமைப்பின் பங்கைக் காட்டும் ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. வடகிழக்கு இந்தியாவின் மலைப்பகுதியில் அருகருகே வாழும் காசி, கார்பி மக்களில் காசியினர் தாய்வழிச் சமூகத்தார். சொத்து இளைய மகளுக்குச் செல்கிறது. கார்பியினர் தந்தைவழிச் சமூகத்தார். நிலம் பெண்களுக்கு உரிமையாவதில்லை. ஹாஃப்மன், நீஸி, லிஸ்ட் ஆகியோர் இவ்விரு மக்களிலும் சேர்த்துச் சுமார் 1,300 பேரிடம் நான்கு துண்டுகளைப் பொருத்தும் புதிர் ஒன்றைக் கொடுத்து நேரத்தைக் குறித்தார்கள். கார்பி ஆண்கள் கார்பிப் பெண்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். காசி மக்களிடம் அந்த வேறுபாடு இல்லை. 2011-இல் வெளியான இந்த ஆய்வு, பள்ளியில் படித்த ஆண்டுகளின் வேறுபாடு இடைவெளியின் ஒரு பகுதியை விளக்குவதையும் காட்டியது. இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. துண்டுகளைப் பொருத்துவது கைக்கு அடங்கும் அளவிலான திறன். கை அளவில் இயங்கும் இடத்திறனும் ஊர் அளவில் இயங்கும் வழியறிதலும் ஓரளவே ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை மேரி ஹெகார்ட்டியின் குழு 2006-இல் காட்டியது. ஆகவே காசி மக்களிடம் வழியறிதலிலும் வேறுபாடு இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது. மனச்சுழற்சித் தேர்வைப் பயன்படுத்தலாம். அதை வழியறிதலின் பதிலியாக மட்டும் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, கேள்வித்தாள். ‘எனக்குத் திசை உணர்வு நன்றாக உண்டு’ போன்ற கூற்றுகளுக்கு ஒருவர் தாமே மதிப்பெண் இடும் முறை இது. கரோல் லாட்டன் 1994-இல் உருவாக்கிய கேள்வித்தாள், திருப்பங்களை வரிசையாக நினைவில் வைத்துச் செல்வோரையும், திசையையும் தொலைவையும் கொண்டு தம் இருப்பிடத்தைக் கணித்துச் செல்வோரையும் பிரித்துப் பார்த்தது. பெண்கள் முதல் உத்தியையும் ஆண்கள் இரண்டாவதையும் கூடுதலாகக் குறிப்பிட்டார்கள். புதிய இடத்தில் வழி தவறிவிடுவோமோ என்ற பதற்றத்தையும் பெண்கள் கூடுதலாகக் குறிப்பிட்டார்கள். பயனுள்ள தகவல்தான், ஆனால் இது ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வது. ‘ஆண்களுக்கு வழி தெரியும்’ என்ற எண்ணம் ஊறிய சமூகத்தில், ஆண் தம் திறனைக் கூட்டியும் பெண் குறைத்தும் சொல்வதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

தமிழ்நாட்டில் இதைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் ஆய்வுத் திட்டத்தில், எரிக் பெடர்சன் 1990-களில் தமிழ் பேசுவோரிடையே களப்பணி செய்தார். நகரத் தமிழர்கள் பொருள்களின் இடத்தைச் சொல்ல இடது, வலது என்பவற்றைப் பெரிதும் பயன்படுத்துவதையும், கிராமத் தமிழர்கள் மேசை மீதுள்ள பொருளைக்கூடக் கிழக்கு, மேற்கு என்று திசை வைத்தே சொல்வதையும் அவர் பதிவு செய்தார். லாட்டனின் கேள்வித்தாளில் திசையைக் கொண்டு வழி அறிவது ஆண்களிடம் மிகுந்து காணப்படும் உத்தி. கிராமத்துப் பெண் ஒருவர் ‘வடக்கால போய்க் கிழக்கால திரும்பு’ என்று நாளெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் சூழலில், அதே கூற்றுக்கு அவர் இடும் மதிப்பெண் அமெரிக்கக் கல்லூரி மாணவியின் மதிப்பெண்ணோடு ஒப்பிடத் தக்கதாக இராது. மொழிபெயர்த்த கேள்வித்தாளை அப்படியே கொடுத்துவிட்டு முடிவு எழுதுவது இங்கே பெரும் தவறாகிவிடும். ஆனால் முறையாகத் திட்டமிட்டால், துறைக்கே புதிய ஒன்றைச் சொல்லக்கூடிய வாய்ப்பும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, கணினியில் அமைத்த மெய்நிகர் சூழல். எலிகளுக்காக ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் விவரித்த நீர்த்தொட்டிச் சோதனையை, ஆஸ்டர் குழுவினர் 1998-இல் மனிதர்களுக்கான திரை வடிவமாக மாற்றினார்கள். நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையைச் சுற்றுப்புற அடையாளங்களைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். பெரிய ஆண், பெண் வேறுபாடு அதில் தோன்றியது. மெய்நிகர் சூழலின் வலிமை கட்டுப்பாடு: எந்த அடையாளத்தை வைப்பது, எதை நீக்குவது என்பது முழுவதும் ஆய்வாளர் கையில் இருக்கிறது, ஒவ்வொருவரின் பாதையும் நொடி தவறாமல் பதிவாகிறது. உத்தியையும் திறனையும் பிரித்தறிய இதைவிட நல்ல கருவி இல்லை. பூன், கோங், ஹெகார்ட்டி ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்பாளர்கள் ஒரு பாதையைக் கற்றுக்கொண்ட பிறகு, அதன் வழியாகவோ குறுக்குவழியாகவோ இலக்கை அடைய விடப்பட்டார்கள். ஆண்கள் குறுக்குவழியைக் கூடுதலாக நாடினார்கள். பெண்கள் கற்ற பாதையைப் பின்பற்றினார்கள், இடையே அலைந்து திரிந்ததும் அவர்களிடம் கூடுதல். எந்த வழியில் சென்றார் என்பதும் எவ்வளவு விரைவில் சென்றார் என்பதும் இருவேறு செய்திகள். தெரிந்த பாதையில் தவறாமல் சென்று சேர்வதைத் திறன்குறைவு என்று மதிப்பெண் அட்டவணை காட்டுமானால், குறை அட்டவணையில் இருக்கிறது.

மெய்நிகர் சூழலின் பலவீனம் உடலும் பழக்கமும் சார்ந்தது. நாற்காலியில் அமர்ந்து விசைப்பலகையை அழுத்துபவருக்குக் கால்தசையும் உட்செவியும் தரும் அசைவுக் குறிப்புகள் கிடைப்பதில்லை. கண் மட்டுமே வேலை செய்கிறது. விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சிறுவயது முதல் கையாண்டவர் சூழலைக் கற்கும்போது, கையாளாதவர் கருவியையும் சூழலையும் ஒருங்கே கற்க வேண்டியிருக்கிறது. வீடியோ விளையாட்டுப் பழக்கம் ஆண்களிடம் மிகுந்திருக்கும் சமூகத்தில் இது பால் வேறுபாடாகவே பதிவாகிவிடும். ஆகவே முன்பயிற்சிக் கட்டம் ஒன்றை வைத்து, கருவியை இயக்கும் வேகத்தைத் தனியே அளந்து கழிக்க வேண்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட 57 நாடுகளின் ஆய்வுக்குப் பயன்பட்ட கைபேசி விளையாட்டான ‘சீ ஹீரோ குவெஸ்ட்’ இதைச் செய்தது; வழியறிதல் தேவைப்படாத தொடக்க நிலைகளில் ஒருவர் படகைச் செலுத்திய திறனைக் கொண்டு பிந்தைய நிலைகளின் அளவைத் திருத்தியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம், டாய்ச்சு டெலிகாம் முதலியவற்றின் கூட்டு முயற்சியில் 2016-இல் வெளியான இந்த விளையாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். கிராமப்புறங்களில் வளர்ந்தோர் நகரங்களில் வளர்ந்தோரைவிடச் சராசரியாகச் சிறந்து விளங்குவதையும், சதுரக் கட்டமாக அமைந்த தெருக்களில் வளர்ந்தோர் அத்தகைய நிலைகளில் சிறப்பதையும் இதே தரவு 2022-இல் வெளிப்படுத்தியது. லண்டன், பாரிஸ் தெருக்களில் நடக்கவிட்டுச் சோதித்தபோது, விளையாட்டின் மதிப்பெண் நிஜ வழியறிதலோடு ஒத்துவந்தது என்பதும் இதன் பக்கம் நிற்கும் சான்று; ஆனால் அந்தச் சோதனையில் பங்கேற்றோர் மிகச் சிலரே.

நான்காவதாக, பொருள்களின் இடநினைவுத் தேர்வு. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘நினைவு’ என்ற சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு இதை விடுவது நேர்மையாகாது என்பது என் உறுதியான கருத்து. சில்வர்மனும் ஈல்ஸும் 1992-இல் வகுத்த முறையில், பல பொருள்கள் வரைந்த தாளைச் சிறிது நேரம் பார்த்த பிறகு, இரண்டாவது தாளில் எவை இடம் மாறியுள்ளன என்று சொல்ல வேண்டும். பெண்கள் முன்னிலை பெற்றார்கள். வோயர் குழுவினரின் 2007-ஆம் ஆண்டுத் தொகுப்பு அந்த முன்னிலையை 0.27 திட்டவிலக்கம் என்று கணித்தது. தாளை விட்டு வெளியே வந்தாலும் இது சில வேளைகளில் நிலைக்கிறது. கலிஃபோர்னியாவில் உழவர் சந்தை ஒன்றில், கடைகளுக்கு அழைத்துச் சென்று உணவுப் பொருள்களைச் சுவைக்கக் கொடுத்துவிட்டு, பின்னர் சந்தையின் நடுவில் நிறுத்தி ஒவ்வொரு பொருளும் கிடைத்த திசையைச் சுட்டச் சொன்னார்கள். பெண்கள் கூடுதல் துல்லியத்தோடு சுட்டினார்கள். கலோரி மிகுந்த உணவு இருந்த இடத்தை இருபாலரும் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். திசை சுட்டுதல் வழக்கமாக ஆண்கள் முந்தும் வேலை என்பதைக் கருதினால், 2007-இல் வெளியான நியூ குழுவினரின் இந்த ஆய்வின் முக்கியத்துவம் விளங்கும். என்ன தேடச் சொல்கிறோம் என்பது யார் முந்துகிறார் என்பதை மாற்றுகிறது.

கடைசியாக, நிஜ இடத்தில் நடக்கவிட்டு அளப்பது. செலவு மிகுந்தது, மெதுவானது, மழையும் நெரிசலும் குறுக்கிடுவது. ஒரு நேரத்தில் ஒருவரையே அழைத்துச் செல்ல முடியும். இருந்தும், வழியறிதல் என்று நாம் அன்றாடம் சொல்வதை நேராக அளக்கும் முறை இது ஒன்றுதான். பொலிவியாவில் காட்டை ஒட்டிப் பயிரிட்டும் வேட்டையாடியும் வாழும் சிமானே மக்களிடம் தொலைவிலுள்ள இடங்களின் திசையைச் சுட்டச் சொன்ன ட்ரம்பிள் குழுவினர், ஆண், பெண் வேறுபாட்டையோ வயது வேறுபாட்டையோ காணவில்லை என்று 2016-இல் எழுதினார்கள். வடமேற்கு நமீபியாவின் ட்வே, சிம்பா மக்களிடமோ ஆண்கள் பெண்களைவிட நெடுந்தொலைவு பயணம் செய்தார்கள், இடத்திறன் தேர்வுகளிலும் முந்தினார்கள். ஆண்களுக்குள்ளும் மனச்சுழற்சியில் சிறந்தவர்கள் கூடுதல் தொலைவு சென்றிருந்தார்கள் என்று வாஷ்ரோவும் காஷ்டனும் 2015-இல் காட்டினார்கள். நடமாட்டமே திறனை வளர்க்கிறதா, திறன் இருப்பவர் நடமாடுகிறாரா என்பதை இவை தீர்க்கவில்லை. ஆண் விலங்குகள் பரந்த நிலப்பரப்பில் திரிவதால் அவற்றுக்கு இத்திறன் பரிணமித்தது என்ற பழைய விளக்கத்தை, 2012-இல் கிளின்ட் குழுவினர் பல விலங்கினங்களின் தரவைக் கொண்டு சோதித்து, அதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். ஆண் ஹார்மோன்களின் பக்கவிளைவாகவும் அது இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். விளக்கம் எதுவாயினும், ஒருவர் சிறுவயதில் எவ்வளவு தொலைவு தனியே சென்றுவந்தார் என்பதைக் கேட்டுப் பதிவு செய்யாத ஆய்வு, காரணத்தைப் பற்றிப் பேசும் உரிமையை இழந்துவிடுகிறது. நம் ஊர்களில் பத்து வயதுச் சிறுவன் மிதிவண்டியில் அடுத்த ஊர் வரை போய்வர, அவன் அக்காவைக் கடைத்தெருவுக்குக்கூடத் துணையின்றி அனுப்பாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வேறுபாட்டை அளக்காமல் உயிரியலைப் பேசுவது அநீதி.

நிஜ இடத்தில் அளக்கும்போது பெண் பங்கேற்பாளரின் பாதுகாப்பு உணர்வும் ஒரு காரணியாகிவிடுகிறது. அறிமுகமில்லாத தெருவில் அந்தி வேளையில் ஒரு பெண் குறுக்குச் சந்து வழியைத் தவிர்ப்பது அவருடைய நினைவாற்றலைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே பகல் நேரத்தில், அனைவருக்கும் புதிதான கல்லூரி வளாகம் போன்ற இடத்தில் நடத்துவதே சரி. தேர்வை அறிமுகப்படுத்தும் சொற்களும் முடிவை மாற்றும். ஒருவர் இன்னொருவர் இடத்தில் நின்று பார்ப்பது போன்ற தேர்வை, பிறரைப் புரிந்துகொள்ளும் திறனுக்கான தேர்வு என்று அறிமுகப்படுத்தி, படத்தில் மனித உருவத்தையும் சேர்த்தபோது ஆண், பெண் வேறுபாடு மறைந்துவிட்டதை டரம்பி, ஹெய்தாரி, ஹெகார்ட்டி ஆகியோர் 2016-இல் கண்டார்கள்.

எனவே, ஒரே ஒரு தேர்வுக்குத்தான் வசதி உண்டு என்பவருக்கு நான் பரிந்துரைப்பது வளாக நடை. ஒரு சுற்றுப் பாதையை இரண்டு முறை நடத்திக் காட்டிய பின், ஓர் இலக்கைச் சொல்லி அனுப்பி, கைபேசியின் ஜிபிஎஸ் பதிவைக் கொண்டு பாதையையும் நேரத்தையும் குறுக்குவழியையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். வழியில் சில இடங்களில் நிறுத்தித் திசை சுட்டச் சொல்ல வேண்டும். இரண்டுக்கு வசதி உண்டு என்றால் பொருள்களின் இடநினைவுத் தேர்வைச் சேர்க்கலாம். சிறுவயது நடமாட்டம், பதற்றம், பள்ளி ஆண்டுகள், விளையாட்டுப் பழக்கம் ஆகியவற்றைக் கேட்கும் சிறு கேள்வித்தாளை எதனோடும் இணைக்கலாம். மனச்சுழற்சித் தேர்வை வைத்தே ஆக வேண்டும் என்றால் நேர வரம்பின்றி, துணைத் தேர்வாக மட்டும் வைப்பது நல்லது.

ஆட்களின் எண்ணிக்கையும் இந்த முடிவோடு பிணைந்தது. வழக்கமான புள்ளியியல் அளவுகோலில், 0.56 அளவு வேறுபாட்டை நம்பகமாகக் கண்டறிய ஒவ்வொரு பாலிலும் ஐம்பது பேரளவில் போதும், 0.35-க்கு ஏறத்தாழ 130 பேரும், 0.27-க்கு இருநூறுக்கும் மேற்பட்டோரும் தேவை. பாலுக்கு முப்பது பேரை வைத்து வளாக நடை நடத்திவிட்டு ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதுவது, ‘வேறுபாடு உண்டு’ என்று மிகைப்படுத்துவதற்கு இணையான தவறு. அவ்வளவு பேரை நடத்திச் செல்ல இயலாதவர்கள், நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரே நெறிமுறையில் செய்யும் வழியை நாட வேண்டும்.

இந்தப் பரிந்துரைக்கு விலக்கு ஒன்று உண்டு. நோக்கம் ஆய்வாக அல்லாமல் மருத்துவமாக இருந்தால், அதாவது முதியவர் ஒருவரின் வழியறியும் திறன் குறைகிறதா என்று பார்ப்பதாக இருந்தால், பெரிய மக்கள்தொகையின் ஒப்பீட்டு அளவுகள் உள்ள கைபேசி விளையாட்டு முறையே முந்தும். அல்சைமர் நோய்க்கான மரபணு அபாயம் உடையவர்களிடம், வழக்கமான நினைவுத் தேர்வுகளில் எந்தக் குறையும் தெரியாத நிலையிலேயே, பாதை மாறிச் செல்லும் போக்கை இந்த விளையாட்டு காட்டியதாகக் காக்லன் குழுவினர் 2019-இல் எழுதினார்கள். அங்கே ஆண், பெண் சராசரி வேறுபாட்டைப் புறக்கணித்து இருவருக்கும் ஒரே எல்லைக்கோட்டை வைத்தால், நலமாக உள்ள பெண்கள் சிலரை நோய்க்கூறு உடையவர்கள் என்று குறித்துவிடவும், திறன் குறையத் தொடங்கிவிட்ட ஆண்கள் சிலரை நலமானவர்கள் என்று திருப்பி அனுப்பவும் நேரும். வயது, பால் இரண்டுக்கும் தனித்தனி ஒப்பீட்டு அளவு இல்லாத தேர்வை மருத்துவர் மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது.